சேலாற்று நாட்டின் கூவல் சட்டம்

சேலாறு என்று ஓர் ஆறு இருந்தது. அது பாய்ந்த நிலம் முழுவதும் ஒரே நாடாக இருந்தது. அந்த நாட்டில் மன்னரை மக்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அவரைக் கைகூப்பி வணங்கினார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நல்லாட்சி என்று பள்ளிப் புத்தகங்களில் போட்டிருந்தது.

அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஓர் ஆடி உண்டு. முகம் பார்க்கிற ஆடி இல்லை. ஒருவர் தன் வீட்டு ஆடியின் முன்னால் நின்று ஏதாவது செய்தால், அவர் பெயரைச் சொல்லி அழைக்கிற எந்த வீட்டு ஆடியிலும் அது அப்படியே தெரியும். பேசினால் கேட்கும். ஆனால் தன்னை யார் பார்க்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதெல்லாம் காட்டுகிறவருக்குத் தெரியாது. ஒருவர் மீன் குழம்பு வைத்துக் காட்டினார். ஒருவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் தன் பூனை தூங்குவதைக் காட்டினார். பூனையைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஆறு மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் மேலணை என்ற ஊர் இருந்தது. அங்கே அணையின் மதகுகளைத் திறந்து மூடுகிற வேலை மருதையனுக்கு. அவன் மனைவி பச்சைநாச்சி தன் ஆடியைச் சன்னலோரம் ஆற்றைப் பார்த்தாற்போல் வைத்திருந்தாள். அவள் காட்டியது ஆற்றை மட்டும்தான். அதையும் தன் அக்கா ஒருத்திக்காகத்தான் தொடங்கினாள்.

அக்கா வடிவாச்சியைக் கீழே வண்டல்மேட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவன் கார்வண்ணன், இரண்டு பெண் பிள்ளைகள், நாலைந்து ஆடுகள். பெயர்தான் மேடு. ஊர் ஆற்றைவிடத் தாழ்வு. உயரமான கரைக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆறு. வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஏறுவது தெரியாது. மேலணையில் பெருகுகிற வெள்ளம் வண்டல்மேட்டை அடைவதற்கு, உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம் போதும்.

அதனால் மழைக்காலத்தில் நாச்சி ஆடியின் முன்னால் வந்து நிற்பாள். "அக்கா, தண்ணி தெளிவா இருக்கு. பயப்படாம சமைங்க" என்பாள். வேறொரு நாள், "கலங்கலா வருதுக்கா. ஆட்டையெல்லாம் மேட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்பாள். அக்காவுக்குச் சொன்னதைப் பக்கத்து வீட்டார் கேட்டார்கள். பிறகு தெருவே கேட்டது. சில வருடங்களில் ஆற்றோரம் இருந்த அத்தனை ஊர்களும் மழை பிடித்தால் முதலில் நாச்சியைத்தான் அழைத்தன. யாரோ ஒருத்தி தங்களை அக்கா என்று கூப்பிடுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அப்போது மன்னராக இருந்தவர் பொற்கையார். வணிகர் சங்கத்தார் ஒருநாள் அவரைப் பார்க்க வந்தார்கள். மக்களின் கண்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கடை விரிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். ஆடியில் ஒன்றைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கூவிக்காரர் தோன்றி, சரக்கின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் என்றார்கள். மன்னர் எதையும் தானாக முடிவு செய்யாதவர். முடிவு செய்த பிறகு மக்களைக் கேட்பார். ஆடிகளில் இந்தக் கூவல் வேண்டுமா, வேண்டாமா என்று தலைநகரில் பெரிய சபை கூட்டினார். ஆடிகளில் அதிகம் பேர் பார்க்கிறவர்களை அழைத்தார்கள். பூனைக்காரரும் வந்தார், நாச்சியும் வந்தாள்.

கூவல் துறை என்று ஒன்று அன்று காலைதான் உருவாகியிருந்தது. அதன் அமைச்சர் நன்மொழியார் எழுந்து நின்றார்.

"அன்பர்களே! ஆடிகளைத் துடைப்பது யார்? உடைந்தால் மாற்றித் தருவது யார்? உழைத்து உழைத்துக் காட்டுகிறவர்களுக்குக் கூலி தருவது யார்? இதுவரை யாரும் இல்லை. இனிமேல் கூவல் தரும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் இலவசம். அவர்கள் தர வேண்டியது கொஞ்சம் பொறுமை மட்டுமே. நம் மக்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் நாச்சிக்கும் பட்டது. அவள் வீட்டு ஆடியில் ஒரு மூலை வெடித்துக் கிடந்தது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். மழைக்காலத்துல தண்ணி ஏறுறத நான் அவசரமாச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் கூவல்தான் முதல்ல வருமா?"

நன்மொழியார் புன்னகைத்தார். "அம்மா, தண்ணீர் ஏறும்போதுதானே நாடே உங்கள் ஆடியைப் பார்க்கும்? அன்றைக்குப் பூனைகூட உங்களுக்குக் கீழேதான். அந்த நேரத்தில் கூவாமல் வேறு எப்போது கூவுவது?"

சபை சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நாச்சியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, கூவல் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். அவளும் தூக்கினாள்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் கூவல் முடிந்துவிடும். ஆற்றைப் பார்க்க அழைத்தால் ஓர் ஊறுகாய்க்காரர் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். நாச்சிக்குப் பங்காகச் சீயக்காய்ப் பொட்டலங்கள் வந்தன. தை மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள்.

"உன் ஆத்தப் பாக்குறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து ஊறுகா விக்கிறான்டி" என்று வடிவாச்சி சிரித்தாள். "நல்லாத்தான் விக்கிறான். ஒருநாள் வாங்கிப் பாக்கணும்."

சின்னவள் தும்பை, ஊறுகாய்க்காரர் கும்பிடுவதைப் போலவே செய்து காட்டினாள். பெரியவள் இளவேனி அவள் தலையில் குட்டினாள்.

அடுத்த வருடம் கூவல் நீண்டது. நீண்டதும் மக்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார்கள். கூவிக்காரர் வந்தவுடன் திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார்கள், கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள், முடிந்ததும் வந்து உட்கார்ந்தார்கள். இது வணிகர்களின் காதுக்கு எட்டியது. உடனே பார்வைச் சட்டம் வந்தது. அதன்படி, பார்க்கிறவர் முகத்தைத் திருப்பினால் கூவல் அப்படியே நின்று காத்திருக்கும். திரும்பிப் பார்த்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"இது தண்டனை அல்ல, மரியாதை" என்று நன்மொழியார் ஆடிகளில் தோன்றி விளக்கினார். "ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது நம் பண்பாடா?"

அந்த விளக்கத்தின் போதும் யாரும் எழுந்து போக முடியவில்லை.

அதன் பிறகு வார்த்தைகளுக்குச் சட்டம் வந்தது. மங்கலமான சரக்குகளுக்குப் பக்கத்தில் அமங்கலமான பேச்சு வந்தால் விற்பனை கெடுகிறது என்று வணிகர் சங்கம் வருத்தப்பட்டது. வெள்ளம், சாவு, உடைப்பு, ஓடுங்கள் என்ற சொற்களை ஆடியில் சொல்லக்கூடாது என்று ஆணை வந்தது. வெள்ளத்துக்குப் பதிலாக 'நீர் நிறைவு' என்று சொல்லச் சொன்னார்கள். "அக்கா, இன்னிக்கு நீர் நிறைவு கொஞ்சம் இருக்கும்போல" என்று நாச்சி சொல்லிப் பார்த்தாள். திருமண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கீழே கேட்டவர்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் புரிந்துகொண்டார்கள். எதையும் புரிந்துகொண்டுவிடுகிற மக்கள் அவர்கள்.

தலைநகரின் மாளிகைத் தெருக்காரர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அமைதிச் சந்தா கட்டியவர்கள் வீட்டு ஆடிகளில் கூவல் வராது. எல்லோரும் கட்டலாம், யாரையும் தடுக்கவில்லை என்று அரசு தெளிவாகச் சொல்லியிருந்தது. வண்டல்மேட்டில் யாரும் கட்டவில்லை. அந்த ஊரில் ஒரு வருடத்துக்கான அமைதியின் விலைக்கு இரண்டு பசு மாடு வாங்கலாம்.

இந்த நிலையில் தேர்தல் வந்தது. உளங்கவர்ந்தார் என்பவர் பொற்கையாரை எதிர்த்து நின்றார். "நான் வந்தால் முதல் கையெழுத்து கூவல் ஒழிப்பு" என்றார். அதை அவர் ஆடியில்தான் சொன்னார். மீன் குழம்புக்கு முன்னால் சொன்னார், கணக்குப் பாடத்துக்கு முன்னால் சொன்னார், பூனைக்கு முன்னாலும் சொன்னார். கூவலை ஒழிப்பதாகச் சொன்ன அந்தக் கூவலை முகம் திருப்பாமல் நாடே பார்த்தது. பெரும் வெற்றி பெற்றார்.

வாக்குத் தவறவில்லை. முடிசூட்டிய அன்றே கூவலை ஒழித்தார். மக்கள் வெடி வெடித்தார்கள். மறுநாள் முதல் ஆடிகளில் அன்புரை வந்தது. அன்புரை என்பது வணிகர்கள் மக்கள் மேல் வைத்திருக்கும் அன்பை எடுத்துச் சொல்வது. அது கூவலைவிட நீளமாக இருந்தது, ஏனென்றால் அன்பைச் சுருக்கிச் சொல்ல முடியாது. அன்புரைத் துறை அமைச்சராக நன்மொழியார் பொறுப்பேற்றார். தேர்தலுக்கு முந்தின வாரமே அவர் கட்சி மாறியிருந்தார்.

நாச்சி மறுபடியும் தலைநகருக்குப் போனாள். இந்த முறை யாரும் அழைக்கவில்லை, அவளாகத்தான் போனாள். அமைச்சர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாருங்கள் அம்மா. ஆறு எப்படி இருக்கிறது?"

"ஆறு நல்லா இருக்குங்க. நான்தான் பயந்து போயிருக்கேன். ஒரு அன்புரை முடியறதுக்குள்ள உலை வச்சுச் சோறே வடிச்சுரலாம். தண்ணி அந்த நேரத்துல எங்க அக்கா ஊருக்குப் போயிரும். ஆபத்துன்னு நான் சொல்ற அன்னிக்கு மட்டும் நேரா என்னைக் காட்டச் சொல்லுங்க. மத்த நாள்ல எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கட்டும்."

"நியாயமான கோரிக்கை" என்றார் நன்மொழியார். "ஆனால் ஆபத்து என்று நீங்கள் சொன்னால் போதுமா? நாளைக்குப் பூனைக்காரர் தன் பூனைக்கு ஆபத்து என்பார். அதற்காகத்தான் அரசு அபாய அங்கீகார வாரியம் அமைத்திருக்கிறது. ஆபத்து வந்தவுடன் நீங்கள் விண்ணப்பியுங்கள். வாரியம் நேரில் வந்து ஆபத்தைப் பார்வையிடும். உண்மை என்று தெரிந்தால் அன்புரை பாதியாகக் குறைக்கப்படும்."

"பாதியா?"

"முழுவதும் எடுத்துவிட்டால் வணிகர்கள் என்ன பாவம் செய்தார்கள், அம்மா?"

நாச்சி ஊர் திரும்பினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு மருதையன், "விடு. இத்தனை வருசமாப் பெருசா ஒண்ணும் வரலையே" என்றான். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அந்த ஐப்பசியில் மலையில் மழை கொட்டியது. மூன்றாம் நாள் முற்பகலில் ஆற்றின் நிறம் மாறியது. முழு மரங்கள் வேரோடு வந்தன. பிறகு ஒரு மாட்டுத் தொழுவத்தின் கூரை வந்தது. மருதையன் மதகுப் பக்கமிருந்து ஓடி வந்தான். "மேல எங்கேயோ உடைஞ்சிருச்சு. அணை மேலயே தண்ணி போகுது. சொல்லு, சொல்லு!" என்று கத்தினான்.

நாச்சி ஆடியின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு எந்தச் சட்டமும் நினைவில் இல்லை.

"அக்கா! வெள்ளம்! வெள்ளம் வருது! எதையும் எடுக்காதீங்க. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் கரைமேட்டுக் கோயிலுக்கு ஓடுங்க! வெள்ளம்க்கா!"

குரல் உடைகிறவரை அதையே திரும்பத் திரும்பக் கத்தினாள்.

தலைநகரில் அன்புரைத் துறையின் பெரிய மண்டபத்தில், எந்த ஆடியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்த ஓர் அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாட்டில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் மேலணை ஆடியை அழைத்திருந்தார்கள். அவர் அமைச்சரின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, மேலணைப் பெண் தடை செய்த சொல்லைச் சொல்கிறாள். உண்மையாகவே வெள்ளம் போலத் தெரிகிறது. அன்புரையை நிறுத்திவிடலாமா?"

"யாருடைய அன்புரை?"

"குடை வணிகருடையது, ஐயா. மழைக்காலம் முழுவதையும் அவர்தான் எடுத்திருக்கிறார்."

"வாரியத்தின் அனுமதி வந்துவிட்டதா?"

"வாரியத்தார் சாப்பிடப் போயிருக்கிறார்கள், ஐயா."

நன்மொழியார் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. யோசிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. "ஓடுகிற அன்புரை ஓடட்டும்" என்றார் கடைசியில். "இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு யார் நம்மை நம்பிக் குடை விற்பார்கள்? இன்னும் கொஞ்ச நேரம்தானே. முடிந்ததும் அந்த அம்மா வந்துவிடப் போகிறாள்."

மாளிகைத் தெருவில் நாச்சி உடனே தெரிந்தாள். ஆறு அங்கிருந்து வெகு தூரம் என்றாலும் எல்லோரும் மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் ஒரு பெண்ணும் ஆணும் வண்ணக் குடை பிடித்துக்கொண்டு மழையில் ஆடினார்கள். பாட்டு நன்றாக இருந்தது.

வண்டல்மேட்டில் கரை உடைந்தபோது குடைப் பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.

பிழைத்தவர்களில் ஆடி உடைந்துபோயிருந்த வீட்டுக்காரர்கள் பலர். அவர்கள் காதால் தண்ணீரின் இரைச்சலைக் கேட்டு ஓடியிருந்தார்கள். வடிவாச்சி பிழைத்தது ஆடுகளால். கரைமேட்டில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்து வரப் போனவள், கோயில் படியில் நின்று தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே தெரு இல்லை, ஊரும் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கார்வண்ணனையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தார்கள். மருதையன் கீழே போய் எல்லாக் காரியங்களையும் முடித்துவிட்டு வடிவாச்சியை மேலணைக்குக் கூட்டி வந்தான். அவள் வந்தவுடன் சன்னலோரம் இருந்த ஆடியைப் பார்த்தாள். அதன் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.  மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நீ கத்தினியாடி?"

"கத்தினேன்க்கா. தொண்டை கிழியக் கத்தினேன்."

வடிவாச்சி தலையாட்டினாள். "நான் வெளிய போறப்ப குடைக்காரங்க ஆடிக்கிட்டிருந்தாங்க. 'அம்மா, இது முடிஞ்சதும் சித்தி வந்துரும், நீ போயி ஆட்ட அவுத்துக்கிட்டு வா'ன்னு சின்னவ சொன்னா. முகத்தத் திருப்பாமத்தான் சொன்னா. திருப்புனா நின்னுரும்ல."

நாச்சி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். தலைநகரில் அன்றைக்கு எல்லோரும் கை தூக்கும்போது தானும் தூக்கியதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அக்கா அதைத் தாங்குவாளா என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் முடிவை நன்மொழியாரே ஆடியில் வாசித்தார். வெள்ளம் இயற்கையானது. அன்புரையில் எந்தக் கோளாறும் இல்லை. வண்டல்மேட்டு மக்கள் எவரும் அதைப் பாதியில் விட்டு முகம் திருப்பவில்லை. ஆடிகள் நீரில் மூழ்கும்வரை அவற்றின் முன்னால் பார்வை இருந்திருக்கிறது. "இந்தத் துயரத்திலும் நம் மக்களின் சட்டப்பற்று நெஞ்சை நிமிரச் செய்கிறது" என்று சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அனுமதியின்றி அமங்கலச் சொல்லைப் பயன்படுத்திய குற்றத்துக்காக மேலணைப் பெண்ணைத் தண்டிக்கலாம் என்றும் குழு சொல்லியிருந்தது. மன்னர் பெருந்தன்மையோடு அவளை மன்னித்தார்.

அடுத்த தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆற்றோர ஊர்களில் முணுமுணுப்பு கேட்டது. வண்டல்மேட்டில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மௌன அஞ்சலி செலுத்தப்படும் என்று மன்னர் உளங்கவர்ந்தார் அறிவித்தார். குடும்பத்தையே இழந்த ஒரு தாய் ஆடியில் மௌனமாக நிற்பாள், நாடு அவளோடு நிற்கும். அந்தத் தாயைக் கேட்க நன்மொழியாரே மலையேறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"போயிருங்க" என்றாள் நாச்சி.

வடிவாச்சி தங்கையின் கையைப் பிடித்தாள். "இருடி" என்றாள். பிறகு அமைச்சரைப் பார்த்தாள். "நிக்கிறேன். என் புள்ளைங்களுக்காக நாலு பேரு சும்மா இருப்பாங்கன்னா நிக்கிறேன். ஆனா எனக்கு முன்னாடி எவனும் வந்து எதையும் விக்கக்கூடாது. நான் நின்னு முடிச்ச பிறகும் விக்கக்கூடாது. ராசா தன் வாயால சொல்லணும்."

மன்னர் சொன்னார். மறுநாளே அவையில் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "அந்தத் தாய்க்கு முன்னாலும் அன்புரை இராது, பின்னாலும் இராது. இது என் வாக்கு" என்றார். அதைக் கேட்டுப் பலர் அழுதார்கள்.

அந்த நாள் வந்தது. வடிவாச்சி வெள்ளைச் சேலை உடுத்தி, சுவரிலிருந்து மருதையன் மறுபடி திருப்பி வைத்த ஆடியின் முன்னால் போய் நின்றாள். நாடு என்ன பார்க்கிறது என்பதை இன்னோர் ஆடியில் காண, நாச்சி பக்கத்திலிருந்த அணை அலுவலகத்துக்குப் போனாள். அமைச்சர் அங்கே ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆடியில் நேராக அக்காவின் முகம் வந்தது. அதற்கு முன்னால் எதுவும் வரவில்லை. நாச்சியால் நம்ப முடியவில்லை. அக்கா கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. பிள்ளைகளின் பெயராக இருக்கும். வெளியே மதகுத் தண்ணீரின் சத்தத்தைத் தவிர எங்கும் ஒரு சத்தமும் இல்லை. இந்த நாட்டில் இத்தனை அமைதி இருக்கிறதா என்று நாச்சி வியந்தாள். தவறாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

திடீரென்று அக்காவின் முகம் மறைந்தது. ஒரு மணப்பெண் பட்டுப் புடவையை விரித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தோழிகள் மூன்று பேர் சுற்றி வந்து பாடினார்கள். முகூர்த்தத்துக்கு என்றே நெய்த புடவைகள், முந்துகிறவர்களுக்கு ரவிக்கைத் துணி இலவசம் என்று ஒருவர் சொன்னார். பாட்டு முடிந்தது. மறுபடியும் அக்கா தெரிந்தாள். கண்ணைத் திறக்காமல் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆடி இருண்டது. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

நாச்சி அமைச்சரைத் திரும்பிப் பார்த்தாள். 

"மன்னர் வாக்குத் தவறவில்லை, அம்மா" என்றார் நன்மொழியார் மெதுவாக. "முன்னால் இல்லை. பின்னாலும் இல்லை."

"நடுவுல?"

"நடுவைப் பற்றி உங்கள் அக்கா ஒன்றும் கேட்கவில்லையே."

நாச்சி வீட்டுக்கு வந்தாள். வடிவாச்சி தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"முன்னாடி ஏதாச்சும் வந்துச்சாடி?"

"இல்லக்கா."

"முடிஞ்ச பிறகு?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

வடிவாச்சி வேறு எதுவும் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். "நாடு முழுக்க என் புள்ளைங்களுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்குடி" என்றாள். "அவ்வளவு மோசமான ஊரு இல்ல இது."

நாச்சி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக அக்கா கண் அயர்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். நாச்சி வாயை மூடிக்கொண்டாள்.

தேர்தல் நாளன்று மேலணைச் சாவடியில் நீண்ட வரிசை நின்றது. வடிவாச்சி விடிந்ததுமே குளித்துவிட்டு, தங்கையையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, யாருக்குப் போடப் போகிறாய் என்று கேட்டாள்.

"ராசாவுக்குத்தான்" என்றாள் வடிவாச்சி, சற்றுச் சத்தமாகவே. "சொன்ன சொல்லக் காப்பாத்துன மனுசன்."

அவளுக்குப் பின்னால் நின்ற நாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.